மேனாம்பேட்டுத் தகடு

தொப்பென்று ஒரு சத்தம். சத்தத்தைவிட, அது வந்த இடம்தான் கிறிஸ்துதாஸை எழுந்து ஓடிவர வைத்தது. அவருடைய சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் எதுவோ விழுந்திருந்தது.

மேனாம்பேட்டில் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு அவர் நடத்திவந்த பட்டறையில், சிலுவைக்கு அடுத்தபடி மரியாதை பெற்றது அந்த சர்ஃபேஸ் பிளேட்தான். மேடு பள்ளம் துளியும் இல்லாமல் இழைத்த வார்ப்பிரும்புப் பலகை. எதை அளந்தாலும் அதன் மேல் வைத்துத்தான் அளப்பார். அதன் மேல் ஒருநாள் டீ கிளாஸை வைத்த வெல்டர், அன்று மாலையே வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது அங்கே கிடந்தது ஒரு மீன்வலை. ஐப்பசி மழையில் ஊறி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"இத்த செஞ்சவன் எவன்?"

கேட்டவள் வாசலில் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் செருகிய சேலை, கையில் ஒரு எஃகுத் தகடு. பனையோலை விசிறிக் காம்பு மாதிரி ஒரு பக்கம் குறுகி, மறுபக்கம் அகன்ற தகடு. நடுவே சிவப்பாக ஒரு கோடு.

கிறிஸ்துதாஸ் வலையைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு, பழைய பனியன் துணியால் பிளேட்டைத் துடைத்து, எண்ணெய் தடவ ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, இரும்புக்கு தலவாரிகினு கீற? நான் கேக்கறது காதுல விழல?"

"இதுல துரு புடிச்சா அளவு போயிடும்மா."

"என் படகே பூட்சி. ஒனக்கு அளவு போவுதா?"

லேத் மெஷினை நிறுத்திவிட்டு டர்னர் கஜபதி திரும்பிப் பார்த்தான். சம்பளத்தோடு வேடிக்கையும் கிடைக்கும் நாட்கள் அந்தப் பட்டறையில் குறைவு.

அவள் பெயர் வேம்புலியம்மாள். காசிமேட்டிலிருந்து ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, மழையில் நடந்து, நாலு பேரிடம் வழி கேட்டு வந்திருக்கிறாள். விலாசம் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தகட்டிலேயே பொறித்திருந்தது: 'ஹில்டா இன்ஜினியரிங், மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை 53.' கிறிஸ்துதாஸ் தான் செய்யும் ஒவ்வொரு பொருளிலும் மனைவியின் பெயரையும் விலாசத்தையும் பஞ்ச் அடித்துவிடுவார். தவறு செய்யாதவனுக்கு விலாசம் கொடுக்க என்ன பயம்?

ஆவடியில் ராணுவ வண்டித் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். அவர் 'சரி' என்று முத்திரை குத்திய ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்தது கிடையாது. விருப்ப ஓய்வு பெற்றபோது கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அதை ஃபிரேம் போட்டு, கர்த்தரின் படத்துக்கு இரண்டு அங்குலம் கீழே மாட்டியிருந்தார். அந்த இரண்டு அங்குலத்தையும் வெர்னியர் வைத்து அளந்திருப்பார் என்பது கஜபதியின் ஊகம்.

இந்தத் தகடு எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

உலகத்து நாடுகள் எல்லாம் கூடி, கடலுக்கு ஒரு சட்டம் எழுதின. ஒன்பது வருஷம் உட்கார்ந்து பேசி முந்நூற்று இருபது பிரிவுகள். எழுதி முடித்தது எண்பத்திரண்டில். எழுதின களைப்புத் தீர்ந்து அது அமலுக்கு வந்தது தொண்ணூற்று நாலில். எந்தத் தேசத்துக் கடல் எதுவரை, யார் மீன் பிடிக்கலாம், மீன் இனம் அழியாமல் எப்படிக் காப்பது என்றெல்லாம் அதில் இருக்கிறது. மீன்களுக்கு மட்டும் பிரதி அனுப்பவில்லை.

அந்த மகா சட்டம் நியூயார்க்கில் கிளம்பி, டில்லியில் இறங்கி, அங்கங்கே கையெழுத்தும் கோந்தும் பட்டு, 'கடல்வள அளவை வாரியம்' என்ற புத்தம்புது அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. கடலைக் காக்கும் அந்த வாரியம் அமைந்திருந்த இடம் பூந்தமல்லி. கடலுக்கும் அதற்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். வாடகை மலிவு என்று ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்திருந்தார்கள். அலையோசைக்குப் பதில் நாதஸ்வரம்.

வாரியம் செய்த முதல் காரியம் வலைக்கண்ணை அளக்க ஒரு கேஜ் வேண்டும் என்று டெண்டர் விட்டது. சட்டம் சொல்லும் அளவு, நம் கதைக்கு முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் கிடைத்த கிறிஸ்துதாஸுக்கு வந்த கடிதத்தில் இருந்தது ஒரே வரி. 'வலைக்கண்ணின் 35 மி.மீ. அளவைச் சோதித்து நிராகரிப்பதற்கான எஃகுத் தகடு, எண்ணிக்கை 200.'

ஜூன் மாதம் இருநூறு தகடுகளும் கிளம்பின. தகட்டின் அகலம் முப்பத்தைந்து ஆகும் இடத்தில் சிவப்புக் கோடு. நூலிழையில் நாலில் ஒரு பங்குகூடப் பிசகு கிடையாது. கோட்டுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு கட்டளை: சிவப்பு உள்ளே போனால், ரிஜெக்ட்.

"பதினேயு நாளா என் படக கட்டி வெச்சிகீறானுங்க," என்றாள் வேம்புலியம்மாள். "சனிக்கெயம ஏலமாம். கொயுந்தனார் ரெண்டு பேரு, நான், மூணு குடும்பம் அதுல சோறு துன்னுது. வலைல இந்த தகட்ட வுட்டான். கோடு உள்ள போச்சு. ரிஜெட்டுன்னுட்டான். நான் ஆபீசர் மேசைலேர்ந்து ஒண்ண லவட்டிகினு வந்துட்டேன்."

"அரசாங்கப் பொருளைத் திருடலாமாம்மா?"

"படகையே திருடிகினான். தகட்டுக்கு வந்துட்டியே!"

கிறிஸ்துதாஸுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. பொருள் ரிஜெக்ட் ஆனவர்கள் எல்லோரும் முதலில் கேஜைத்தான் திட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்தவர். பொறுமையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டைத் துடைத்து அளந்தார். சிவப்புக் கோடு முப்பத்தைந்து, சரியாக. பிறகு வலையை எடுத்து ஒரு கண்ணை விரித்து அளந்தார். நாற்பது.

"பாரும்மா. கேஜ் கரெக்ட். உன் வலைதான் தப்பு. ஓட்டை அஞ்சு மில்லி பெரிசா இருக்கு."

"பெர்சாத்தான் கீணும்!"

"பெரிசா இருந்தா ரிஜெக்ட்."

"யோவ் அண்ணாத்தே, நீ மீன் துன்னுவியா?"

"ம்."

"குஞ்சு மீனு தப்பிச்சி ஓடணும்னுதான் பெரிய கண்ணு வலை போட சொல்லிக்கீது சட்டம். ஜீப்புல வந்து மைக் வெச்சி அவனுங்கதான் கத்துனானுங்க. குஞ்ச புடிக்காத, பெரிய கண்ணா போடு, ஒலகமே பேசி முடிவு பண்ணிக்கீதுன்னு. குப்பத்துலயே மொத ஆளா போய் புது வலை வாங்கிகினேன் நான். சின்ன கண்ணு போட்டவன்தான் திருடன். ஒன் தகடு இன்னான்னா, திருடன வுட்டுட்டு என்ன புடிக்குது!"



கிறிஸ்துதாஸ் வாரியத்தின் ஃபைலை எடுத்தார். கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். முப்பத்தைந்தைச் சோதித்து நிராகரி என்றிருந்தது. பெரியதை நிராகரிப்பதா, சின்னதை நிராகரிப்பதா என்று ஒரு வார்த்தை இல்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இரும்பில் ஓட்டை சின்னதாக இருந்தால் மறுபடி கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாகிவிட்டால் கர்த்தரே இறங்கி வந்தாலும் சின்னதாக்க முடியாது. ஆகவே பெரிய ஓட்டை ரிஜெக்ட். இதை அவர் எங்கும் படித்ததில்லை. எச்சில் விழுங்கக் கற்றுக்கொண்ட மாதிரி கற்றுக்கொண்டது.

"நான் அப்பவே கேட்டேன் மொதலாளி," என்றான் கஜபதி, எரிகிற இடம் பார்த்து. "மீனு வெளிய போறதா உள்ள போறதான்னு. நீங்கதான் சொன்னீங்க, 'கடல்லயும் ஓட்டை ஓட்டைதாண்டா'ன்னு."

"நீ லேத்தைப் பாரு."

"அங்க ஒருத்தனுக்கும் இது தோணலையாம்மா?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"தோணாம இன்னா? சின்ன ஆபீசர் பையன் சொன்னான். 'ஆயா, எனக்கும் தலகீயாத்தான் தெரியுது. ஆனா தகட்டுல இங்கிலீசுல எயுதிக்கீதே'ன்னான்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஹில்டா மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் சங்கரா மீன் நாலு கிடந்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"மூணு மாசமா மார்க்கெட்ல இதேதான்," என்றாள் ஹில்டா, எப்போதும் போல. "முள்ளு எது, மீனு எதுன்னே தெரியல. கேட்டா கடல்ல இதுதான் வருதாம். திருட்டுப் பசங்க குஞ்சையெல்லாம் அரிச்சு எடுக்கிறானுங்கன்னு போன வாரம் நீங்கதானே லெக்சர் அடிச்சீங்க? சட்டம் போட்டாப் போதாது, ஆளு வேணும்னு?"

கிறிஸ்துதாஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சங்கராவும் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தன.

விஷயத்தைச் சொன்னார். ஹில்டா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"தகட்டுல யார் பேர் போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"உன் பேர்."

"நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அந்தம்மா படகும் வரணும், தகடும் மாறணும். என் பேரைப் போட்டுக் கடலைக் காலி பண்ணாதீங்க."

அவர் மேஜையில் உட்கார்ந்து, தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் எழுதிய அந்தப் படிவத்தை எழுதினார். நிராகரிப்பு அறிக்கை. பொருள்: வலைக்கண் கேஜ். எண்ணிக்கை: 200. குறை: கட்டளை தலைகீழ். பொறுப்பு என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிறிஸ்துதாஸ் என்று எழுதினார். மூன்று பிரதி, கார்பன் வைத்து. எழுதி முடித்ததும் சுவரிலிருந்த பாராட்டுப் பத்திரத்தை நிமிர்ந்து பார்க்காமல் படுக்கப் போனார்.

மறுநாள் பூந்தமல்லி பஸ்ஸில் வேம்புலியம்மாள் வலை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துதாஸின் பையில் அறிக்கையும், முந்தின மாலை கஜபதியும் அவரும் உட்கார்ந்து செய்த புதுத் தகடு ஒன்றும் இருந்தன. சிவப்பு உள்ளே போகாவிட்டால், ரிஜெக்ட்.

"நைனா, பயமா கீதா?"

"எதுக்குப் பயம்?"

"மூஞ்சி, பாட்டரி போன டார்ச்சாட்டம் கீது."

"இருபத்திரண்டு வருஷம்மா. ஒரு பீஸ் ரிட்டர்ன் வந்ததில்ல."

"எனக்கு கடல்ல இருவத்தெட்டு வருசம். ஒரு தபா கூட போலீசு டேசன் வாசல் மெதிச்சதில்ல. இப்ப மெதிச்சிட்டேன். செத்தா பூட்டேன்?"

கீழே மண்டபத்தில் ஏதோ முகூர்த்தம். வாழைமரம், ஸ்பீக்கர், சந்தனம். மாடிப்படியில் ஏறியபோது யாரோ இவர்கள் இரண்டு பேர் மேலும் பன்னீர் தெளித்துவிட்டார்கள். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று கேட்டவரிடம், "படகு ஊடு" என்றாள் வேம்புலியம்மாள்.

துணை இயக்குநர் பார்த்தசாரதி எழுந்து நின்று வரவேற்றார். நாற்பத்தைந்து வயது, மொடமொடப்பான சட்டை, மேஜையில் சின்னதாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் மூன்று தங்கமீன்கள். வாரியத்தின் நேரடிப் பாதுகாப்பில் இருந்தவை அவைதான்.

"கிறிஸ்துதாஸ் சார்! நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். முதல்ல இதைப் பாருங்க."

சுவரில் ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று கிடுகிடுவென மலை ஏறி, அதே வேகத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது.

"உங்க கேஜ் வந்த முதல் மாசம், பிடிபட்ட வலை முந்நூத்திப் பத்து. இரண்டாம் மாசம் தொண்ணூறு. போன மாசம் எவ்வளவு தெரியுமா? நாலு! இப்போ நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு வலை பாஸ். ரோம்ல நடந்த மாநாட்டுல இந்தப் படத்தைக் காட்டினேன் சார். எழுந்து நின்னு கைதட்டினாங்க. எட்டு நாடு உங்க தகட்டைக் கேட்டிருக்கு. இரண்டாயிரம் பீஸ்!"

வெளிநாட்டுக் கப்பல்களின் வலைகளை அளந்தீர்களா என்று ரோமில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவ்வளவு தூரம் போக வாரியத்திடம் படகு இல்லை என்று அவரும் சொல்லியிருப்பார். இருந்த ஒரே வாகனம் ஜீப்.

"பாஸ் ஆவாம இன்னா பண்ணும்?" என்றாள் வேம்புலியம்மாள். "சட்டத்துக்கு பயந்து பரணைல ஒளிச்சி வெச்சிருந்தானுங்க கொசுவலை கணக்கா வலைங்க. இப்ப அத்தையே சட்டத்துக்கு பயந்து எறக்கி கட்டிகீறானுங்க."

பார்த்தசாரதி அப்போதுதான் அவளைப் பார்த்தார். "இவங்க யாரு?"

"உங்க நாலுல ஒருத்தி," என்றார் கிறிஸ்துதாஸ். அறிக்கையை மேஜை மேல் வைத்தார். அதன் மேல் புதுத் தகட்டை வைத்தார். "சார், தப்பு என் மேல. பெரிசை ரிஜெக்ட் பண்ற மாதிரி செஞ்சுட்டேன். இருநூறையும் திரும்ப எடுத்துக்கறேன். செலவு என்னோடது. இந்தம்மா வலை சட்டப்படி சரியான வலை. படகை விட்டுடுங்க."

பார்த்தசாரதி அறிக்கையைப் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாதஸ்வரம் பாதியாகக் குறைந்தது.

"டீ சாப்பிடறீங்களா?"

"வேணாம் சார். வாங்கிக்கிட்டதா இன்வர்டு முத்திரை போட்டு ஒரு காப்பி குடுத்தா போதும்."

"உட்காருங்க சார். நான் மீன்வளம் படிச்சவன். கோல்டு மெடல். இது தலைகீழ்னு எனக்கு முதல் மாசமே தெரியும்."

கிறிஸ்துதாஸ் உட்கார்ந்தார். அவர் கேள்விப்பட்ட எந்த இன்ஸ்பெக்ஷன் முறையிலும் இப்படி ஒரு கட்டம் கிடையாது.

"தெரிஞ்சுமா..."

"தெரிஞ்ச அன்னிக்கே முந்நூறு வலை பிடிச்சிருந்தோம். அமைச்சகத்துக்குப் புள்ளிவிவரம் போயிடுச்சு. தப்புன்னு எழுதினா முந்நூறு பேருக்கும் நஷ்ட ஈடு. சரி, அடுத்த மாசம் எழுதலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள ரோம். இப்போ கேஜை மாத்தினா, நாளைக்குக் காலையில இந்தக் கரையில இருக்கிற அத்தனை வலையும் திருட்டு வலை ஆயிடும். தொண்ணூத்தெட்டு சதவீதம் ஒழுங்கா இருந்த தேசம், ஒரே நாள்ல திருட்டு தேசம். இன்டர்நேஷனல் லெவல்ல என்ன பேசுவாங்க?"

"மீனு இன்னா சார் பேசும்?" என்றாள் வேம்புலியம்மாள். "குஞ்ச பூரா அரிச்சிட்டா, அடுத்த வருசம் இன்னாத்த புடிக்கறது? தண்ணியவா?"

பார்த்தசாரதி தங்கமீன்களுக்கு இரண்டு உருண்டை தீனி போட்டார். பிறகு அறிக்கையை ஒரு விரலால் கிறிஸ்துதாஸ் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு வழி சார். இந்தப் பேப்பர்ல நான் முத்திரை போட்டா, கமிட்டி வரும். விசாரணை. படகு சாட்சிப் பொருள். மூணு வருஷம் கட்டிக் கிடக்கும், அதுக்குள்ள பலகை மக்கிடும். பேப்பரை நீங்க திரும்ப எடுத்துக்கிட்டா, கருணை அடிப்படையில படகு இன்னிக்கு சாயங்காலமே வெளியே வரும். இந்தம்மா வலையை மட்டும் மாத்திக்கணும். நம்ம தகட்டுக்குத் தோதா."

"சின்ன கண்ணு வலையா?" என்றாள் அவள்.

"சட்டப்படி பாஸ் ஆகிற வலை," என்றார் அவர்.

வேம்புலியம்மாள் தன் மடியிலிருந்த வலையைப் பார்த்தாள். நாற்பது மில்லிமீட்டர். நெய்யும்போதே உலகச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நெய்த வலை. மூன்று குடும்பம், சனிக்கிழமை ஏலம். அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. யோசிக்க வசதி உள்ளவர்கள் எல்லோரும் ரோமில் இருந்தார்கள்.

"படகு வேணாம்னு சொல்ல எனக்கு வக்கில்ல சார்," என்றாள். பிறகு கிறிஸ்துதாஸ் பக்கம் திரும்பினாள். "எம்மேல பயிய போட்டுடாத நைனா. பேப்பரு ஒன்து. நீ இன்னா சொல்ற? நீ முத்திர போட சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். எத்தினியோ பொயப்ப பாத்துகினேன்."

கீழே கெட்டிமேளம் முழங்கியது. யாருக்கோ தாலி ஏறிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துதாஸ் அறிக்கையைக் கையில் எடுத்தார். 'பொறுப்பு' என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் பார்த்தார். ஹில்டாவின் பெயரை நினைத்தார், தட்டில் கண் திறந்து கிடந்த நாலு சங்கராவை நினைத்தார். கடைசியாக, கர்த்தருக்கு இரண்டு அங்குலம் கீழே மாட்டியிருந்ததையும் நினைத்தார். மூன்று பிரதிகளையும் விளிம்பு பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார்.

வேம்புலியம்மாள் வலையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

பார்த்தசாரதி கையை நீட்டினார். கிறிஸ்துதாஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டார்:

"அப்போ சார்... என் சரக்கு ரிட்டர்ன்னு எந்த ரெக்கார்டுலயும் ஏறாதுல்ல?"